தீரா நோய் குறித்த திரைப்படங்கள்

தீரா நோய் குறித்த திரைப்படங்கள் என்பவை, குணமாக வாய்ப்பில்லாத அல்லது உயிருக்கு ஆபத்தான நோயுடன் வாழும் ஒருவரை மையமாகக் கொண்ட கதைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஆகும். தமிழில் 1960களிலிருந்து இவ்வகைப் படங்கள் தொடர்ந்து வெளிவந்துள்ளன. நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), நீர்க்குமிழி (1965), வாழ்வே மாயம் (1982), பயணங்கள் முடிவதில்லை (1982) ஆகியவை இவற்றுள் பலரும் அறிந்தவை. ஜப்பானில் வெளியான 'இகிரு' (1952) என்னும் திரைப்படமும், '1 லிட்டர் கண்ணீர்' (2005) என்னும் தொலைக்காட்சித் தொடரும் உலகளவில் புகழ்பெற்றவை.

இப்படங்களின் கதைகள் வேறு வேறாக இருப்பினும் அவற்றில் பொதுவான ஒரு கேள்வி உண்டு. நோய் பற்றிய உண்மை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதே அது. இதன் அடிப்படையில் இக்கதைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. மருத்துவரும் உறவினரும் அறிந்து, நோயாளி அறியாதவை.
2. நோயாளி அறிந்து, தம்மைச் சார்ந்தவர்களிடம் மறைப்பவை.
3. நோயாளியும் சுற்றத்தாரும் அறிந்து, எஞ்சிய நாள்களைச் சேர்ந்து வாழ்பவை.

இப்பகுப்பு திரைக்கதைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இன்றும் எழும் கேள்வி இது.

காசநோயிலிருந்து புற்றுநோய்க்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கதைகளில் வரும் தீரா நோய் பெரும்பாலும் காசநோயாகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943 ஆம் ஆண்டில் கண்டறியப்படும் வரை காசநோயை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே சிகிச்சை. தாம்பரத்தில் 1928 ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவ நிலையமும் இம்முறையிலேயே இயங்கியது. நோயாளி வீட்டை விட்டுப் பிரிந்து தொலைவில் தங்க வேண்டும். எனவே காசநோய்க் கதை என்றால் அது பிரிவுக் கதையாகவும் இருந்தது.

அ. பீம்சிங் இயக்கத்தில் 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாலும் பழமும்' இதற்கு எடுத்துக்காட்டு. சிவாஜி கணேசன் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டுள்ள மருத்துவராகவும், சரோஜாதேவி அவர் மனைவியாகிய செவிலியராகவும் நடித்திருந்தனர். மனைவிக்குக் காசநோய் வருகிறது. தம்மைக் கவனிப்பதால் கணவரின் ஆய்வு தடைப்படக் கூடாது என்று எண்ணி, அவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறுகிறார். இது மேற்கூறிய இரண்டாம் வகையைச் சேர்ந்த கதை.

இப்படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உண்மையான சென்னையில் நிலைமை மாறியிருந்தது. 1956 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவ நிலையத்திலும் மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டிலேயே இருந்து மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றியது. பிரிந்து செல்ல வேண்டிய தேவை மருத்துவத்தில் நீங்கிய பிறகும் திரையில் சிறிது காலம் நீடித்தது.

காசநோய் குணமாகத் தொடங்கிய அதே காலத்தில் புற்றுநோய் பற்றிய பேச்சு மிகுந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954 ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் வந்த தமிழ்ப் படங்களில் தீரா நோய் என்றால் அது புற்றுநோய் என்றாயிற்று.

நெஞ்சில் ஓர் ஆலயம்

ஸ்ரீதர் எழுதி இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதையின் பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள் நிகழ்கிறது. ஸ்டுடியோவில் அமைக்கப்பட்ட மருத்துவமனை அரங்கில், மிகக் குறைந்த நாள்களில் இப்படம் எடுத்து முடிக்கப்பட்டது. இசை விசுவநாதன் – ராமமூர்த்தி. ஒளிப்பதிவு அ. வின்சென்ட்.

வேணு (முத்துராமன்) புற்றுநோயுடன் மருத்துவமனைக்கு வருகிறான். அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் முரளி (கல்யாண்குமார்), வேணுவின் மனைவி சீதாவை (தேவிகா) முன்பு விரும்பியவர். இதனை அறியும் வேணு, தான் இறந்துவிட்டால் சீதா முரளியை மணந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறான். சீதா அதனை ஏற்கவில்லை. முரளி இரவு பகலாக உழைத்து அறுவைச் சிகிச்சையில் வேணுவைக் காப்பாற்றுகிறார். ஆனால் அவர் உயிர் பிரிகிறது.

கதையின் முக்கோணக் காதலே அதிகம் பேசப்படுகிறது. எனினும் இதில் கவனிக்கத்தக்க மற்றொன்று, நோயாளிக்குத் தன் நிலை தெரியும் என்பது. தெரிந்ததால்தான் மனைவியின் எதிர்காலம் பற்றி அவனால் அவளிடமே பேச முடிகிறது. அவளாலும் மறுத்துப் பேச முடிகிறது. அவ்வுரையாடலே படத்தின் உயிர்நாடி. இப்படத்தை ஸ்ரீதரே 1963 ஆம் ஆண்டில் 'தில் ஏக் மந்திர்' என்னும் பெயரில் இந்தியிலும் இயக்கினார்.

நீர்க்குமிழி

கே. பாலசந்தர் இயக்கிய முதல் திரைப்படம் 'நீர்க்குமிழி'. 1965 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே நாடகங்கள் எழுதி வந்த பாலசந்தர், தம் மேடை நாடகம் ஒன்றையே இவ்வாறு படமாக்கினார். நாகேஷ், சௌகார் ஜானகி, வி. கோபாலகிருஷ்ணன், மேஜர் சுந்தர்ராஜன் ஆகியோர் நடித்திருந்தனர். வி. குமார் இசையமைத்தார்.

இதுவும் மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதை. நாகேஷ் ஏற்ற சேது என்னும் பாத்திரம் ஓயாமல் குறும்பு செய்துகொண்டும் பிறரைச் சிரிக்க வைத்துக்கொண்டும் இருக்கும் நோயாளி. அவனுக்கு இருப்பது தீராத புற்றுநோய் என்பதை மருத்துவர் அறிவார். அவனுக்கு அது சொல்லப்படவில்லை. நகைச்சுவை நடிகராகப் பெரிதும் அறியப்பட்டிருந்த நாகேஷ், இப்படத்தில் தம் நடிப்பின் மறுபக்கத்தைக் காட்டினார்.

இங்குப் பார்வையாளரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. அவன் சிரிக்க வைக்கும்போதெல்லாம், அவன் அறியாத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம். இந்த இடைவெளியிலிருந்தே படத்தின் துயரம் பிறக்கிறது. முதல் வகைக் கதைகளின் வலிமையும் இதுவே, குறையும் இதுவே. சுற்றியிருப்பவர்கள் அவனுக்காக வருந்துகிறார்கள். ஆனால் எஞ்சிய நாள்களில் அவன் என்ன செய்ய விரும்புவான் என்று அவனிடம் கேட்க முடியாதவர்களாக நிற்கிறார்கள்.

மறைக்கும் காதலர்கள்

1982 ஆம் ஆண்டில் ஒரே மாதிரியான அடிப்படை கொண்ட இரண்டு தமிழ்ப் படங்கள் வெளிவந்து பெருவெற்றி பெற்றன.

- வாழ்வே மாயம்: ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கம், கங்கை அமரன் இசை. கமல்ஹாசன், ஸ்ரீதேவி, ஸ்ரீபிரியா நடித்தனர். தெலுங்கில் 1981 ஆம் ஆண்டில் வெளியான 'பிரேமாபிஷேகம்' படத்தின் மறுஆக்கம்.
- பயணங்கள் முடிவதில்லை: ஆர். சுந்தர்ராஜனின் முதல் படம், இளையராஜா இசை. மோகன், பூர்ணிமா நடித்தனர்.

இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிய வருகிறது. இரண்டிலும் அவன் அதனைக் காதலியிடம் சொல்வதில்லை. அவள் தன்னை வெறுத்து வேறு வாழ்வு தேடிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கெட்டவனைப் போல நடிக்கிறான். உண்மை அவளுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

இது தியாகமாகவே காட்டப்பட்டது, பார்வையாளரும் அவ்வாறே ஏற்றனர். ஆயினும் காதலியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கேள்வி எழும். நோயுற்றவனுடன் இருப்பதா, விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு வழங்கப்படவே இல்லை. நெஞ்சில் ஓர் ஆலயத்தின் சீதாவுக்கு இருந்த அவ்வுரிமை, இருபது ஆண்டுகள் கழித்து வந்த நாயகியருக்கு இல்லை.

இப்படங்களால் நேர்ந்த மற்றொரு விளைவு, இரத்தப் புற்றுநோய் வந்தால் மரணம் உறுதி என்னும் பதிவு மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. இன்று நிலைமை வேறு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகை, முறையான சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட வகைகளுள் ஒன்றுக்கு 2001 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை, பலரைப் பல ஆண்டுகள் இயல்பாக வாழச் செய்துள்ளது. பழைய படங்களைக் காணும் மாணவர்கள் அவற்றை அக்கால மருத்துவத்தின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிந்து வாழ்பவர்கள்

மூன்றாம் வகைக்கு இந்தியத் திரையில் முன்னோடியாகக் கருதப்படுவது, இருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'ஆனந்த்' (1971) என்னும் இந்திப் படம். ராஜேஷ் கன்னா ஏற்ற நாயகனுக்குத் தன் நோயும் அதன் முடிவும் நன்கு தெரியும். தெரிந்தே அவன் நண்பர்களைச் சேர்க்கிறான். கலங்குபவர் அமிதாப் பச்சன் ஏற்ற மருத்துவரே.

மணிரத்னம் தெலுங்கில் இயக்கி, 'இதயத்தை திருடாதே' என்னும் பெயரில் தமிழுக்கு வந்த 'கீதாஞ்சலி' (1989) இன்னும் ஒரு படி செல்கிறது. இதில் நாயகன் (நாகார்ஜுனா), நாயகி (கிரிஜா) இருவருமே உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவர்கள். நாயகி தன் நிலையை அறிந்தவள். அதனைப் பற்றி வெளிப்படையாகவும் விளையாட்டாகவும் பேசுபவள். எஞ்சிய காலத்தைச் சேர்ந்து வாழ்வது என்று இருவரும் துணிகிறார்கள். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை இப்படம் பெற்றது.

ஜப்பானிய எடுத்துக்காட்டுகள்

நோயாளியிடம் உண்மையை மறைப்பது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. அகிரா குரோசாவா இயக்கிய 'இகிரு' (1952) படத்தில், நகராட்சி அலுவலகத் துறைத் தலைவர் ஒருவருக்கு வயிற்றில் புற்றுநோய். மருத்துவர் அதனைச் சாதாரண வயிற்றுப்புண் என்று சொல்லி அனுப்புகிறார். காத்திருப்பு அறையில் மற்றொரு நோயாளி சொன்ன அடையாளங்களைக் கொண்டு, அது பொய் என்பதை அவர் உணர்ந்துகொள்கிறார். முப்பது ஆண்டுகள் கோப்புகளில் முத்திரை குத்தியே காலம் கழித்தவர், எஞ்சிய மாதங்களில் ஒரு குடியிருப்புப் பகுதிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பூங்கா அமைக்கப் பாடுபடுகிறார். உண்மை தெரிந்த பிறகே அவர் வாழத் தொடங்குகிறார் என்பது கதையின் கருத்து. 'இகிரு' என்னும் சொல்லுக்கு 'வாழ்தல்' என்று பொருள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த '1 லிட்டர் கண்ணீர்' ஓர் உண்மை வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. ஜப்பானின் டோயோஹாஷி நகரில் வாழ்ந்த அயா கிட்டோ (1962–1988) என்னும் மாணவிக்கு 15 வயதில் தண்டுவட, சிறுமூளைச் சிதைவு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. பேனா பிடிக்க முடிந்த வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1986 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையானது. 25 வயதில் அவர் காலமானார்.

இந்நோயில் சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. சிறுமூளை உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் கட்டுப்படுத்துவது. எனவே முதலில் நடை தடுமாறும். பின்னர் எழுத்து, பேச்சு, விழுங்குதல் என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். அயாவுக்குச் சிந்தனை மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்தது. இதனைச் சார்ந்த பரம்பரை நோய்கள் இந்தியாவிலும் உண்டு. அவற்றுள் முதல் வகை, தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே மிகுதியாகக் காணப்படுவதை 2005 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்துள்ளது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவை நோயாளியின் செயல்திறனை நீட்டிக்க உதவும்.

ஃபுஜி தொலைக்காட்சியில் 2005 அக்டோபர் 11 முதல் டிசம்பர் 20 வரை 11 பகுதிகளாக இத்தொடர் ஒளிபரப்பானது. எரிக்கா சவாஜிரி அயாவாகவும், ஹிரோகோ யாகுஷிமாரு தாயாகவும் நடித்தனர். தொடரில் குடும்பப் பெயர் இகெயுச்சி என்று மாற்றப்பட்டது. குடும்பம் சோயாப் பாலில் செய்யும் டோஃபுவை விற்கும் கடை நடத்துவதாகவும் அமைக்கப்பட்டது. அயாவின் நண்பனாக வரும் ஹருதோ, தொடருக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம்.

தொடரின் தொடக்கத்தில் அயாவின் பெற்றோரும் உண்மையை மறைக்கவே முயல்கின்றனர். ஆனால் உடல் தரும் செய்தியை மறைக்க முடிவதில்லை. பந்தைப் பிடிக்க நீட்டிய கை தவறுகிறது. விழும்போது கையை ஊன்றத் தோன்றாமல் முகம் அடிபடுகிறது. அவள் கேட்கத் தொடங்குகிறாள். மூன்றாம் பகுதியில் உண்மை சொல்லப்படுகிறது. அதன் பின் எஞ்சிய எட்டுப் பகுதிகளும் அறிந்த பிறகு எவ்வாறு வாழ்வது என்பதையே காட்டுகின்றன.

பள்ளி தொடர்பான காட்சிகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வகுப்புத் தோழிகள் அவளைத் தாங்கி அழைத்துச் செல்கிறார்கள். அதனால் பாடங்களுக்குத் தாமதமாகிறது. பிற மாணவர்களின் பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். யாரும் கொடியவர்கள் அல்லர், ஆனாலும் அயா அங்கே சுமையாகக் கருதப்படுகிறாள். இறுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிக்குச் செல்வது என்று அவளே முடிவெடுத்து, வகுப்பில் எழுந்து விடைபெறுகிறாள். முடிவு வலி தருவது. எனினும் தன் நிலையை அறிந்திருந்ததால் அது அவள் எடுத்த முடிவாக இருந்தது.

உண்மையைச் சொல்லுதல்: தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் புற்றுநோய் போன்ற நோய்கள் உறுதியானதும், 'அவருக்குத் தெரிய வேண்டாம்' என்று உறவினர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது பரவலான வழக்கம். இராசபாளையத்திலிருந்தோ திருவில்லிபுத்தூரிலிருந்தோ மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகும் குடும்பத்தில், சோதனை முடிவை முதலில் கையில் வாங்குபவர் பெரும்பாலும் மகனோ மருமகனோ ஆவார். இதன் பின்னால் இருப்பது அன்பு. கேட்டால் மனம் உடைந்துவிடுவார் என்னும் அச்சம்.

இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்க நெறி விதிகள், மருத்துவர் நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. நோயாளி, உறவினர் அல்லது பொறுப்புள்ள நண்பர், இவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. இதில் நோயாளிக்கு நேரடியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் தெளிவாக இல்லை. எனவே நடைமுறை, குடும்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது.

மறைப்பதால் ஏற்படும் நடைமுறை இடர்கள் பின்வருமாறு:

- கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றின் விளைவுகளுக்கு நோயாளி ஆயத்தமாக முடிவதில்லை.
- கடன், நிலம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம் ஆகியவை பற்றி அவர் தம் விருப்பத்தைச் சொல்லாமலே போக நேரிடும்.
- வீட்டில் பேச்சுகள் திடீரென நின்றுபோவதைக் கண்டு பலர் தாமாகவே ஊகித்துக்கொள்வர். பின்னர் அவர்களும் தெரியாததுபோல் நடிப்பர். இருதரப்பும் தனித்தனியே துயருறும்.
- கடைசிக் காலத்தில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்ய இயலாது.

கடைசியாகக் கூறப்பட்டது சட்டப்படியான உரிமையாகும். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், மீள முடியாத நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றது. 2023 ஆம் ஆண்டில் அதற்கான நடைமுறைகள் எளிமையாக்கப்பட்டன. தம் நோயை அறியாத ஒருவருக்கு இவ்வுரிமை பெரிதும் பயன்படாமல் போகும்.

உண்மையைச் சொல்வது என்றால் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று பொருளன்று. மருத்துவ மாணவர்களுக்கு இன்று கற்பிக்கப்படும், 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆறு படிநிலை முறை இவ்வாறு அமைகிறது.

1. அமைதியான இடத்தில், உட்கார்ந்து, நேரம் ஒதுக்கிப் பேசுதல்.
2. நோயாளி ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று கேட்டல்.
3. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டல்.
4. எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்லுதல்.
5. அழுகை, சினம், மௌனம் எதுவாயினும் அதற்கு இடம் கொடுத்தல்.
6. அடுத்துச் செய்ய வேண்டியதைச் சேர்ந்து திட்டமிடுதல்.

மூன்றாவது படி முக்கியமானது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அவ்வாறாயின் அது அவர் தேர்வாக இருக்கும்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை

'இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை' என்பது பழைய படங்களில் மருத்துவர் அடிக்கடி பேசும் வசனம். உண்மையில் நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலி, மூச்சுத் திணறல், படுக்கைப்புண், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்க முடியும். இதுவே நோய்த்தணிப்புச் சிகிச்சை எனப்படுகிறது. இலண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1967 ஆம் ஆண்டில் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் இதற்கு வழிகாட்டியது. இந்தியாவில் 1986 ஆம் ஆண்டில் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லமும், 1993 ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புக் கழகமும் தொடங்கப்பட்டன. கேரள அரசு 2008 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

கடும் வலிக்கு உரிய மார்ஃபின், 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டக் கெடுபிடிகளால் நோயாளிகளுக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது. 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஓரளவு எளிதாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளன. படுத்த படுக்கையாக உள்ளவர்களின் குடும்பத்தினர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம்.

மதிப்பீடு

தீரா நோய் குறித்த தமிழ்ப் படங்கள், மருத்துவமனை என்னும் களத்தைத் திரைக்குக் கொண்டுவந்தன. நாகேஷ், முத்துராமன் போன்ற நடிகர்களின் மறக்க முடியாத நடிப்பை வெளிப்படுத்தின. நோயுற்றோர்பால் இரக்கத்தை வளர்த்தன. அதே வேளையில், மறைப்பதே அன்பு என்னும் எண்ணத்தையும் பல படங்கள் வலுப்படுத்தின. நெஞ்சில் ஓர் ஆலயம், இதயத்தை திருடாதே போன்றவை அதற்கு மாறான வழியைத் தமிழ்ப் பார்வையாளருக்குக் காட்டின. '1 லிட்டர் கண்ணீர்' தொடரை இவற்றுடன் சேர்த்துக் காணும் மாணவர், நோயின் முடிவு எல்லாக் கதைகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதையும், நோயாளிக்கு உண்மை தெரிந்த கதைகளில் இடைப்பட்ட நாள்கள் அவருடையவையாக இருப்பதையும் காணலாம்.